கைராசியில் பாஸான இரும்பு

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் தம்பி. எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பிடிங்க, உக்காந்துட்டு வாங்கிக்கிறேன். பாத்து, உள்ள முருகன் படம் இருக்கு, கண்ணாடி போட்டது. பெங்களூருக்கா? நல்லதாப் போச்சு. நான் ஓசூர்ல இறங்கிடுவேன், அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. முடியை ஒட்ட வெட்டியிருக்கீங்களே, போலீஸா? இல்லையா? சரி, அப்புறம் சொல்லுங்க. முதல்ல பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த இந்த மேல்மூச்சு அடங்கட்டும்.

என் பேரு குஞ்சிதபாதம். சிதம்பரத்துல வேண்டிக்கிட்டு எங்கப்பா வச்ச பேரு. ஆனா துவாக்குடி பக்கம் எங்க கம்பெனியில வந்து அந்தப் பேரைச் சொன்னா செக்யூரிட்டிக்குத் தெரியாது. கைராசி சார் எங்கன்னு கேட்டாத்தான் டெஸ்டிங் ரூமுக்கு வழி காட்டுவான். இப்ப எங்க கம்பெனின்னு சொல்லக் கூடாது, பழைய கம்பெனி. வாய் பழகிப்போச்சு.

இரும்பை உடைக்கிற வேலை எனக்கு. சிரிக்காதீங்க, அது ஒரு பெரிய வேலை. பாலம், பாய்லர், கிரேன்னு பெருசா எது கட்டினாலும் அந்த இரும்பு எவ்வளவு அடி தாங்கும்னு யாராவது சொல்லணும்ல? இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா எனக்கு நடந்த அநியாயமும் புரியும். ஒரு பிளேட்டை எடுத்து ஓங்கி அடிச்சா நல்ல இரும்பு வளையும், இழுபடும், முரண்டு பிடிக்கும், அப்புறம்தான் உடையும். கெட்ட இரும்பு சொல்லாம கொள்ளாம படக்குன்னு போயிடும். இதுல ஒரு விஷயம் என்னன்னா, நம்ம ஊர் வெயில்ல வளையிற அதே இரும்பு, பனி மலைக்குக் கொண்டுபோனா கடலை மிட்டாய் மாதிரி படக்குன்னு போயிடும். இரும்புக்குக் குளிர் அப்படி ஒரு எமன். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கேன், காலேஜ் பசங்க கூட்டமா வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க.

அதனால பிளேட்டுல இருந்து விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டுவோம். நடுவுல வாய்க்கா மாதிரி சின்னதா ஒரு வெட்டு. அந்தத் துண்டை டிரை ஐஸ் போட்ட தொட்டியில ஊற வைப்போம், டெண்டர்ல எந்த டிகிரி கேட்டிருக்கானோ அந்த டிகிரிக்கு. அப்புறம் இடுக்கியால எடுத்து மெஷின்ல வைக்கணும். மேல ஒரு பெரிய சுத்தியல் நிக்கும். லீவரைத் தட்டினா ஊஞ்சல் மாதிரி வந்து ஒரே அடி. உடையிறதுக்கு முன்னாடி அந்தத் துண்டு எவ்வளவு முரண்டு பிடிச்சுதுன்னு பக்கத்துல முள்ளு காட்டும். ஜூல்னு அதுக்கு ஒரு கணக்கு. இருபத்தேழுக்கு மேல வந்தா பாஸ். கீழ வந்தா மொத்த பிளேட்டும் போச்சு.

எனக்குக் கைராசின்னு பேர் வந்ததே ஒரு கதை. ஒரு சமயம் டெஸ்டிங்ல இருந்தவர் உடைச்சதெல்லாம் ஃபெயில். முதலாளி வைரவன் சார் முகம் செத்துப்போச்சு. நான் அப்ப ஆபீஸ்ல சும்மா ஃபைல் பாத்துக்கிட்டு இருந்தவன். "குஞ்சிதம், எல்லாரும் தொட்டாச்சு, நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்"னார். நான் தொட்டேன். நாப்பதுக்கு மேல போச்சு முள்ளு. முதலாளி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அன்னையிலேர்ந்து வேற யாரும் அந்த லீவரைத் தொட்டது கிடையாது. பக்கத்துக் கம்பெனிக்காரன்லாம் எங்ககிட்ட டெஸ்டுக்குக் கொண்டுவருவான். மெஷின் நல்ல மெஷின்னு இல்ல தம்பி, என் கைக்காக.

நான் எப்படிச் செய்வேன் தெரியுமா? அவசரமே கிடையாது. இடுக்கியால துண்டை வெளிய எடுத்ததும், வந்திருக்கிற பெரிய மனுஷங்களுக்கு முதல்ல காட்டுவேன். பனி பூத்து வெள்ளை வெளேர்னு இருக்கும். ஒரு துணியில சுத்திக் கையில குடுப்பேன், ஒவ்வொருத்தரா வாங்கிப் பாத்து ஆச்சரியப்படுவாங்க. இந்த வெட்டு எதுக்கு, முள்ளு எதைக் காட்டும்னு நிதானமாச் சொல்லுவேன். யாராவது சந்தேகம் கேட்டா அதுக்கும் பதில் சொல்லுவேன், வந்தவங்களை மதிக்கணும்ல. அப்புறம் திரும்பி வாங்கிக்கிட்டு, இதோ இந்த முருகன் படத்துக்கு முன்னாடி பிடிச்சுக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிப்பேன். அப்புறம்தான் மெஷின்ல வைப்பேன். தொப்புன்னு ஒரு சத்தம். பாஸ். ஆர்டர் குடுக்கிற டிப்பார்ட்மென்ட்ல இருந்து வர்ற இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார், இந்த மாதிரி மனசோட டெஸ்ட் பண்ற ஆளை நான் எங்கயும் பாத்ததில்லன்னு சொல்லி எனக்குச் சால்வையே போட்டிருக்கார்.

அந்த நேரத்துலதான் மலைப்பாலம் ஆர்டர் வந்துச்சு. வடக்கே பனி மலையில ஆத்துக்குக் குறுக்கே போடற நடைபாலம். ஆளும் கோவேறு கழுதையும் போறதுக்கு. டெண்டர்ல மைனஸ் நாப்பது டிகிரியில டெஸ்டுன்னு போட்டிருந்தான். ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எவனோ எழுதினது. அந்தக் குளிருக்குன்னு செஞ்ச தனி பிளேட்டு இருக்கு, கிடைக்கிறது கஷ்டம், காத்துக் கிடக்கணும். முதலாளி யோசிச்சார். நான்தான் தைரியம் சொன்னேன். யார்டுல இருக்கிற சாதா பிளேட்டே போதும் சார், என் கையில விட்டுடுங்க, நான் பாத்துக்கிறேன்னேன். சொன்ன மாதிரியே ஒண்ணுவிடாம பாஸ். முதல் லோடு கிளம்பினப்ப லாரிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி அனுப்பினோம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கண் பட்டுச்சு தம்பி, வேற என்ன சொல்ல. ரெண்டாவது லோடுக்கு முன்னாடி குவாலிட்டிக்குன்னு ஒரு பொண்ணை வேலைக்கு எடுத்தாங்க. ஜெசிந்தான்னு பேரு, மணப்பாறைப் பக்கம். மரியாதையான பொண்ணுதான், அதுல குறை சொல்ல மாட்டேன். சார் சார்னுதான் பேசும். ஆனா வந்ததுலேர்ந்து ஒரு மூலையில நின்னுக்கிட்டு நான் உடைக்கிறதையே பாக்கும், கையில போனை வச்சுக்கிட்டு. படம் எடுக்குது போலன்னு நான்கூட கொஞ்சம் நிமிந்து நின்னேன். கடைசியில பாத்தா அது படம் இல்ல. நேரம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கு.

அன்னைக்கே எங்கிட்ட தனியா வந்து சொல்லுச்சு. தொட்டியில இருந்து எடுத்த துண்டை அஞ்சு செகண்டுக்குள்ள உடைச்சுடணுமாம். ஸ்டாண்டர்டுல அப்படித்தான் இருக்காம். விரல் அளவு துண்டு, நம்ம ஊர் சூட்டுல சீக்கிரம் குளிர் விட்டுடுமாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அஞ்சு செகண்டுல ஒரு வணக்கம்கூடச் சொல்ல முடியாதே அம்மான்னேன். நல்லா ஊற வச்ச துண்டு, குளிரு எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும், நாம நாலு வார்த்தை பேசறதுக்குள்ள எங்க போயிடப்போகுது? அந்தப் பொண்ணு போன்ல எடுத்த நேரத்தை ஒரு நோட்டுல குறிச்சுக்குச்சு.

இறங்குங்க தம்பி, டீக்கு நிறுத்திட்டான். காசு நான் குடுக்கறேன்னு நீங்க சொல்லாதீங்க, இன்னைக்கு என் கணக்கு. நல்ல நாள், காரணம் கடைசியில சொல்றேன். இந்தாங்க. நான் எங்க விட்டேன், அந்த அஞ்சு செகண்டு. இதே மாதிரிதான் என் வீட்டுக்காரி. கல்யாணமான நாள்லேர்ந்து பேச்சைக் குறைங்க, பேச்சைக் குறைங்கன்னு. அந்தப் பொண்ணு சொன்னதை வீட்டுல வந்து சொன்னா, அது சரியாத்தானே சொல்லுதுன்னு கேக்கறா. ஒரே வீட்டுல எதிர்க்கட்சி. மனுஷன்னா பேசத்தானே செய்வான். பேசாத மனுஷனை எப்படி நம்பறது, நீங்களே சொல்லுங்க.

சே, இந்த டீயைக் குடிச்சுப் பாருங்க. பச்சத்தண்ணி. வாயில வைக்க முடியல. என்னய்யா ஆறின டீயைக் குடுத்தியேன்னு கேட்டா, கொதிக்கக் கொதிக்கத்தான் குடுத்தேன்னு சாதிக்கிறான். உங்களுது எப்படி? சூடா இருந்துச்சா? அப்ப ஆளைப் பாத்துத்தான் குடுக்கிறான். வயசானவன்னா ஒரு இளக்காரம். வாங்க, வண்டி எடுத்துடப் போறான்.

ஆங். அந்தப் பொண்ணு நேரா முதலாளிகிட்டப் போயிடுச்சு. நானே ஒரு துண்டை உடைச்சுப் பாக்கறேன், அனுமதி குடுங்கன்னு கேட்டிருக்கு. முதலாளியும் வந்து நின்னார். நான் ஒதுங்கிக்கிட்டேன். அது உடைச்ச அழகைப் பாக்கணுமே. எண்ணெய்ச் சட்டியில மீனைப் போடற மாதிரி தொட்டியில இருந்து எடுத்தது தெரியல, மெஷின்ல வச்சது தெரியல, தட்டிடுச்சு. டிங்குன்னு பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு சத்தம். முள்ளு ஆறு ஜூல்கூடத் தாண்டல. உடைஞ்ச இடம் கற்கண்டை உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. நான் முதலாளியைப் பாத்தேன். ராசியில்லாத கை சார், நான் என்ன பண்ணட்டும்னு கண்ணாலயே சொன்னேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, "சார், உங்க கையை நான் குறை சொல்லல. உங்க கையாலயே உடைங்க. ஆனா யார்கிட்டயும் பேசாம, எங்கயும் நிக்காம, எடுத்த உடனே உடைங்க"ன்னுச்சு. சரி, சின்னப் பொண்ணு ஆசைப்படுதுன்னு எடுத்தேன், வச்சேன், தட்டினேன். என் சர்வீஸ்ல கேட்டதே இல்ல அப்படி ஒரு சத்தம். ஏழு ஜூல். என் கையில ஏழு ஜூல். அப்புறம்தான் சட்டுனு விளங்குச்சு. முருகனைக் கும்பிடல. கும்பிடாம உடைச்சா எப்படிப் பாஸாகும்? அதைச் சத்தமாவே சொன்னேன்.

அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல. அதே பிளேட்டுல இன்னொரு துண்டு இருக்கு சார், உங்க வழக்கப்படியே உடைச்சுக் காட்டுங்கன்னு சொல்லிட்டுத் தள்ளி நின்னுச்சு. விடுவேனா நான். எடுத்தேன், முதலாளி கையில குடுத்தேன். ஆதியிலேர்ந்து எல்லாத்தையும் விளக்கினேன், அவருக்குத் தெரிஞ்ச விஷயம்தான், இருந்தாலும். முருகன் முன்னாடி இன்னும் கொஞ்சம் கூடவே நின்னேன், மனசு அவ்வளவு பாரமா இருந்துச்சு. அப்புறம் தட்டினேன். தொப். நாப்பத்தொண்ணு. நம்ம மானத்தைக் காப்பாத்திட்டான் முருகன்.

நீங்களே சொல்லுங்க, கண்ணுக்கு முன்னாடி நிரூபிச்சாச்சு. முதலாளி எழுந்து வந்து கட்டிப்பிடிக்க வேண்டாமா? அவர் ஸ்டூல்ல உக்காந்து தலையில கையை வச்சுக்கிட்டார். முகத்துல ரத்தமே இல்ல. "குஞ்சிதம், போன லோடு பூரா இப்படித்தான் உடைச்சீங்களா?"ன்னு கேட்டார். ஆமா சார், ஒண்ணுவிடாம, அத்தனை சிரத்தையோடன்னேன். அந்தப் பொண்ணு அவர்கிட்ட மெதுவாச் சொல்லுச்சு, "சார், அங்க இன்னும் குளிர் ஆரம்பிக்கல. இப்பவே சொன்னாத்தான் ஆளுங்களைக் காப்பாத்தலாம்."

அதோட முடிஞ்சுது. முதலாளியே டிப்பார்ட்மென்டுக்கு எழுதிட்டார், நாங்க அனுப்பின பாலத்துல யாரையும் ஏத்தாதீங்கன்னு. சொந்தக் கம்பெனி மேல சொந்தக் கையால மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட மனுஷனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஆர்டரும் போச்சு, பேரும் போச்சு. எழுத வேண்டாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். போட்ட பாலமெல்லாம் கோடையில கம்பீரமா நின்னுச்சே, ஒரு போல்ட்டு அசைஞ்சுதா? கேக்கல. அந்தப் பொண்ணு பக்கத்துலயே நின்னு எழுத வச்சிடுச்சு. என்னைத் தூக்கி ஸ்டோர்ஸ்ல போட்டாங்க. கையுறையும் பஞ்சும் எடுத்துக் குடுக்கிற வேலை. இரும்பு உடைச்ச கை. ஒரு நாள் மத்தியானம் பஞ்சு மூட்டைக்கு நடுவுல உக்காந்து அழுதேன் தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். இந்த முருகனை டெஸ்டிங் ரூம்ல வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, நான்தான் கழட்டிக்கிட்டு வந்துட்டேன். மரியாதை இல்லாத இடத்துல அவருக்கு மட்டும் என்ன வேலை?

நான் வேலையை விட்டு நின்ன அன்னைக்கு அந்தப் பொண்ணு ஸ்டோர்ஸுக்கே வந்துச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார், எங்க போனாலும் சந்தேகம்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு நம்பரைக் குடுத்துச்சு. எனக்கா சந்தேகம்?

இப்ப நல்ல நாள்னு சொன்னேனே, அந்தக் காரணத்துக்கு வர்றேன். எங்க கம்பெனி விட்ட அதே பால ஆர்டரை ஓசூர்ல ஒருத்தர் எடுத்திருக்கார். மூடின பாலத்தையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு போடணும். அவருக்கும் அதே மைனஸ் நாப்பது. அவர் பிளேட்டும் உடைக்க உடைக்க ஃபெயில். அவர் என்னை எப்படித் தெரிஞ்சுக்கிட்டார்ங்கறீங்க? சால்வை போட்டாரே அந்த இன்ஸ்பெக்டர், அவர் சொல்லியிருக்கார், திருச்சியில ஒரு கைராசிக்காரர் இருந்தார், அவர் உடைச்சு எதுவும் ஃபெயிலானதில்லன்னு. நேத்து போன் வந்துச்சு. வண்டிச் செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், வாங்கன்னார். முதலாளியே பேசினார், மேனேஜர் இல்ல. அங்க மெஷின் ரூம்ல சாமி படமே கிடையாதாம். அதான் கையோட முருகனைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

கிருஷ்ணகிரி தாண்டிட்டோமே. பாருங்க, நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன், நீங்க என்ன வேலைன்னே சொல்லல. மிலிட்டரியா? அட, ஆமா, முடியைப் பாத்தப்பவே நினைச்சேன். எங்க போஸ்டிங்? லடாக்கா. அடேயப்பா, அங்க குளிரு எப்படி? நான் தொட்டியில வைக்கிறேனே, அந்தக் குளிரா? அதுக்குள்ளயே வாழறீங்களா?

என்ன சொல்றீங்க, உங்க போஸ்டுக்குப் போற பாலத்தையும் மூடிட்டாங்களா? முள்கம்பி கட்டியா? புதுப் பாலமா இருந்துச்சா? அப்ப எப்படிப் போறீங்க? ஆத்துக்குள்ள இறங்கி ஐஸ் மேல நடந்தா? ஐயையோ. கூட இருந்தவருக்குக் கால் விரல் ரெண்டு போயிடுச்சா? சின்ன வயசா? கடவுளே. பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா, ஒரு பொண்ணோட பிடிவாதம் எங்க போய் யாரை அடிச்சிருக்குன்னு. கல்லு மாதிரி நின்ன பாலம். அது நம்ம பாலமாத்தான் இருக்கும், இல்லாமயும் இருக்கலாம், ஆனா என் மனசு நம்ம பாலம்னுதான் சொல்லுது.

இனிமே நீங்க ஐஸ்ல இறங்க வேண்டாம். நான் வாக்குக் குடுக்கறேன். புதுப் பாலம் வரும். அதோட ஒவ்வொரு பிளேட்டும் இந்தக் கை தொட்டுத்தான் வரும். நடக்கும்போது, திருச்சி பஸ்ஸுல ஒருத்தர் வந்தாரே, அவர் பாஸ் பண்ண இரும்புன்னு நினைச்சுக்குங்க, தைரியமா காலை வைங்க.

ஏன் தம்பி? வேர்த்திருக்கே உங்களுக்கு, ஜன்னலைத் திறங்க. என்ன கேட்டீங்க? எவ்வளவு நேரம் கையில வச்சிருப்பேனா? அதை யாரு கணக்குப் பாத்தா. மனசு நிறையற வரைக்கும் வச்சிருப்பேன். ஓசூர்ல இன்னும் நிறைய பேர் வருவாங்க போல, முதலாளியோட மச்சான், இன்ஸ்பெக்டர், எல்லாரும் என் கையைப் பாக்கணும்னு இருக்காங்களாம். எல்லாருக்கும் விளக்கிச் சொல்லணும்ல.

அந்தப் பொண்ணு நம்பரா? எதுக்கு உங்களுக்கு? ஓ. கேக்கப் போறீங்களா? நல்லாக் கேளுங்க. கால் விரல் போனவரைப் பத்திச் சொல்லிக் கேளுங்க, அப்பத்தான் உறைக்கும். நான்னா வயசானவன், மனசுல வச்சுக்கிட்டுப் போயிடுவேன். பட்டாளத்துக்காரர் கேட்டா மரியாதை வேற. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். இதோ இந்த நம்பர்தான், எழுதிக்குங்க. உங்க போன்ல போட்டுக்கிட்டீங்களா? இப்பவே பேசப் போறீங்களா? பேசுங்க, பேசுங்க. நான் இறங்கினதும் பேசுங்க, என் முன்னாடி வேண்டாம், எனக்குச் சங்கடமா இருக்கும்.

ஓசூர் வந்துடுச்சு. இருங்க கண்டக்டர், விசில் அடிச்சுடாதீங்க, ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பையைக் குடுங்க தம்பி, பாத்து, முருகன். அந்தப் பொண்ணுகிட்ட நான் எங்க சேரப்போறேன்னும் மறக்காம சொல்லுங்க. நேத்து போன்ல கேட்டு எழுதின சீட்டு இதோ, வச்சுக்குங்க, கம்பெனி அட்ரஸ், போன் எல்லாம் இருக்கு, எனக்கு மனப்பாடம். குஞ்சிதபாதம்னு முழுப்பேரையும் சொல்லுங்க. திங்கக்கிழமை காலையில பூஜை போட்டு முதல் துண்டை என் கையாலதான் உடைக்கப் போறேன், அதையும் சொல்லிடுங்க.